தூக்காதீங்க

டைல்ஸ் விரிசல் விட்டிருக்குமோ என்பதுதான் சவரிமுத்துவுக்கு முதலில் வந்த யோசனை. ஸ்பேனர் விழுந்த சத்தம் அவன் விழுந்த சத்தத்துக்கு முன்னால் கேட்டதா பின்னால் கேட்டதா தெரியவில்லை, ஆனால் ணங்கென்று கேட்டது, கேட்ட கையோடு பயம் வந்தது, ஏனென்றால் இந்தத் தரை போன மாதம்தான் போட்டது, வாசலில் அவன் செருப்பைக் கழற்றும்போதே தமயந்தியம்மா சொல்லியிருந்தார், பாத்து சவரிமுத்து, கனமா எதையும் பொத்துன்னு வச்சிடாதீங்க, கோடு விழுந்தா இதே கலர் மறுபடி கிடைக்காது என்று. வெள்ளையில் சாம்பல் நரம்பு ஓடும் டைல்ஸ். அந்த நரம்புகளில் ஒன்று இப்போது அவன் கண்ணுக்கு மிக அருகில் வாய்க்கால் போல அகலமாகக் கிடந்தது. இது நரம்புதானா, விரிசலா. நரம்புதான், ஓரம் மழுங்கியிருக்கிறது, விரிசலென்றால் ஓரம் கூர்மையாக இருக்கும். அப்பாடா என்று இருந்தது. தரை இவ்வளவு பக்கத்தில் எப்படி வந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. தலை ஒருக்களித்துக் கிடந்தது, முதுகு தரையில் இருந்தது, மேலே அவன் மாட்டிக்கொண்டிருந்த புது ஃபேன் மூன்று இறக்கையையும் விரித்துக்கொண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அலுமினிய ஏணி சோபாவின் மேல் சாய்ந்து கிடந்தது, சரி, விழுந்துவிட்டேன், இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை, எழுந்திருக்க வேண்டும், அந்தம்மா பார்ப்பதற்குள் எழுந்து ஏணியை நிமிர்த்திவிட வேண்டும் என்று நினைத்தான். நினைத்தது உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் ரப்பர் செருப்பு சப் சப்பென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. சத்தம் சமையலறைப் பக்கமிருந்து வந்தது.

"ஐயோ சவரிமுத்து, என்னாச்சு, எப்படி விழுந்தீங்க?" என்று தமயந்தியம்மா கேட்டார். குனிந்த முகம் தலைகீழாகத் தெரிந்தது, நெற்றியில் வியர்வை, தோளில் ஒரு கைத்துணி. எப்படி விழுந்தீங்க என்று கேட்கிறார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏன் இதைக் கேட்க வேண்டும், கீழே நின்று பிடித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியாதா, அவன்தானே கேட்கவேண்டும், அம்மா எப்படி விழுந்தேன் என்று. ஆனால் வாய் "ஒண்ணுமில்லம்மா" என்றது. வாய் அதைத் தானாகவே சொல்லும். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து வேலை பார்ப்பவன் வாய் அப்படித்தான் பழகியிருக்கும், ஷாக் அடித்தாலும் ஒண்ணுமில்லம்மா, நாய் கடிக்க வந்தாலும் ஒண்ணுமில்ல சார். கையை அசைத்துப் பார்த்தான், இடது கை வந்தது, வலது கை மூடியபடி இருந்தது ஆனால் வந்தது. கழுத்தைத் திருப்பவில்லை, திருப்ப வேண்டாமென்று ஏதோ ஒன்று சொன்னது. இடுப்புக்கு மேலே முதுகில் யாரோ சுடுசெங்கலை வைத்து அழுத்துவது போல இருந்தது. வலது கால் விரலுக்கு உத்தரவு போட்டான், மங்கலாக, தூரத்தில், யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு பதில் வந்தது. இடது காலுக்குப் போட்டான். இன்னொரு தடவை போட்டான். கீழ்க்கண்ணால் பார்த்தால் இடது கால் இருந்தது, காக்கி பேன்ட்டும் வெடித்த குதிகாலுமாக இருந்தது, ஆனால் இருக்கிறது என்று கண்தான் சொன்னது, கால் சொல்லவில்லை. குணசீலன், என்று அவனுக்குள் ஒரு பெயர் வந்தது. "இருங்க, கையக் கொடுங்க, மெதுவா எந்திரிச்சு சோபால உக்காருங்க" என்று தமயந்தியம்மா அவன் அக்குளுக்குள் கையை நுழைத்தார். "தூக்காதீங்க" என்றான். அவன் குரலா அது. "அம்மா, தூக்காதீங்க. தொடாதீங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க." அவர் கையைச் சட்டென எடுத்துக்கொண்டார், அதட்டியது போல ஆகிவிட்டதோ என்று அவனுக்கு உடனே வருத்தமாகவும் இருந்தது.

குணசீலன் பெயிண்டர். பாலக்கரையில் சவரிமுத்துவின் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறான், இருக்கிறான் என்றால் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறான். மூன்று மாடிக்குச் சாரம் கட்டிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெள்ளையடித்தவன், அப்போதெல்லாம் நகத்தில்கூட அடிபடவில்லை, கடைசியில் ஒரு வீட்டுப் படுக்கையறையில், ஆள் உயரம்கூட இல்லாத மடக்கு ஏணியிலிருந்து, மூலைக்குப் பிரஷை எட்டி நீட்டும்போது விழுந்தான். நல்ல மனிதர்கள் அந்த வீட்டில். நல்ல மனிதர்களாக இருந்ததுதான் வினை. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி உட்கார வைத்து, ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து நடுவில் சாத்தி உட்கார வைத்து அனுப்பினார்கள். விழுந்ததில் உடைந்தது எலும்பு, தூக்கினதில் போனது நரம்பு என்று டாக்டர் சொன்னதாகக் குணசீலனின் மனைவி தெரு முழுக்கச் சொல்லி அழுதாள். முதல் மாதம் ரொட்டியும் ஆப்பிளுமாக ஆட்கள் வரிசையில் போனார்கள். சவரிமுத்துவும் போனான். குணசீலன் சிரித்துக்கொண்டே, கால் மேல எறும்பு ஊருதுடா, பாத்தாத்தான் தெரியுது, பாக்கலேன்னா ஊரவே இல்ல என்றான். அதற்கப்புறம் சவரிமுத்து வண்டியை அடுத்த தெரு வழியாக விட ஆரம்பித்தான். சுற்று வழிதான், ஆனால் அந்த ஜன்னல் இல்லை. எறும்பு ஊருகிறதா என் காலில், இந்த வீட்டில் எறும்பு இருக்கிறதா, புதுத் தரையில் எப்படி வரும், வந்தாலும் எனக்கு எப்படித் தெரியும். இடது கால் விரலே, இடது கால் கட்டைவிரலே என்று கூப்பிட்டான், குழந்தையைக் கூப்பிடுவது போல. தமயந்தியம்மா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு இப்போது வேறு யாரிடமோ, கணவரிடமாக இருக்கும், பேசிக்கொண்டிருந்தார். "இல்லங்க, நான் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். பிடிச்சிட்டே இருந்தேன், கால் வழுக்கிடுச்சு போல. ரத்தமெல்லாம் இல்ல. பேசுறாரு." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் மின்சாரத்தை நிறுத்தியிருந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடவில்லை, டிவி ஓடவில்லை, ஒவ்வொரு சொல்லும் தரை வழியாக அவன் காதுக்கு நேராக வந்தது.

பிடிச்சிட்டே இருந்தேன். அப்படியென்றால் செருப்புச் சத்தம் ஏன் சமையலறையிலிருந்து வந்தது. வந்ததா, இல்லை அப்படிக் கேட்டதா, விழுந்த காது, மண்டைக்குள் சத்தம் இடம் மாறிக் கேட்டிருக்கலாம். யோசி. காலையில் அவர்தான் போனில் சொன்னார், ஏணியெல்லாம் தூக்கிட்டு வராதீங்க, எங்க வீட்லயே இருக்கு என்று. அவனுடைய ஏணி வீட்டிலும் இல்லை, கோயில் கொடியேற்றத்துக்குச் சீரியல் லைட் போட யாரோ வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தரவில்லை, ஆகவே அதுவும் நல்லதாகப் போயிற்று என்று பையை மட்டும் மாட்டிக்கொண்டு வந்தான். இங்கே வந்து ஏணியைப் பிரித்தபோதே பார்த்தான், ஒரு காலில் ரப்பர் கழன்று போயிருந்தது, வழவழப்பான தரை, வெறும் அலுமினியம். பார்த்தவன் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சாயங்காலம் என் ஏணியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மா கொஞ்சம் பிடிச்சுக்கங்க, அது போதும் என்றான், அவ்வளவுதான். அவரும் பிடித்தார். ஏறினான். ஃபேனைத் தூக்கிக் கொக்கியில் கொடுத்தான். போல்ட்டைச் செருகினான். அப்புறம் அவர் கீழேயிருந்து ஏதோ கேட்டார். ஏதோ கேட்டார், அதற்கு அவன் ம் என்றான். அந்த ம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது, தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மூக்கு வழியாகச் சொன்ன ம். எதற்குச் சொன்னேன். அவர் என்ன கேட்டார். விடட்டுமா என்று கேட்டிருந்தால். ஒரு நிமிஷம் விடட்டுமா சவரிமுத்து என்று கேட்டு, நான் ம் என்று சொல்லியிருந்தால் என் காலை நானே கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம், ஒரு எழுத்துக்கு. கேட்டிருப்பார், கேட்காமல் விடுகிற ஆள் இல்லை, டீயில் சர்க்கரை போடட்டுமா என்பதைக்கூட இரண்டு தடவை கேட்பார். ஆனால் கேட்டிருந்தால் போனில் அப்படியே சொல்லியிருக்கலாமே, அவர்தான் விடச் சொன்னார் என்று. ஏன் பிடிச்சிட்டே இருந்தேன் என்கிறார். மனசு அந்த ம்மைச் சுற்றிச் சுற்றி வந்தது, மாவரைக்கும் கல் சுற்றுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தட்டியது.

அப்போது ஃபேன் ஆடியது. காற்றில்லை, ஆனாலும் ஆடியது, அவன் மூச்சு விடுவதுகூட அதற்குப் போய்ச் சேருவது போல. போல்ட்டைச் செருகினேன், சரி. நட்டை முடுக்கினேனா. கண்ணை மூடிக்கொண்டு விரல்களிடம் கேட்டான், விரல்களுக்குத்தான் தெரியும், நட்டு புரியில் ஏறும்போது முதல் சுற்றில் ஒரு வழுக்கல் இருக்கும், அந்த வழுக்கலை விரல் மறக்காது. விரல் ஒன்றும் சொல்லவில்லை. முடுக்காவிட்டால் போல்ட் சும்மா செருகி நிற்கிறது, ஆட ஆட நகரும், ஒரு நேரம் கழன்று வெளியே வரும், வந்தால் அந்த ஃபேன் முழு எடையோடும் நேராக அவன் நெஞ்சின் மேல். தள்ளிப் படுக்க வேண்டும். தள்ளிப் படுக்க முடியாது. தள்ளிப் படுக்க வைக்கச் சொன்னால் தூக்குவார்கள். ஆடாதே என்று ஃபேனைப் பார்த்தான். காலைப் பார்த்து அசை என்றும் ஃபேனைப் பார்த்து அசையாதே என்றும் சொல்லிக்கொண்டு கிடந்தான். இரண்டும் கேட்கவில்லை. தமயந்தியம்மாவிடம் சொல்லலாமா. சொன்னால் பதறி இழுத்துவிடுவார். சொல்லாமல் இருந்து அது விழுந்தால். ரெஜினாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள், வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன என்று, கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத்தான் சொல்கிறாள், கடைக்காரன் அழுகின தக்காளியைப் போட்டாலும் வாங்கிட்டு வந்துடுவீங்க என்று. அவளுக்குச் சொல்ல வேண்டுமே. இந்நேரம் மெஷினில் உட்கார்ந்து சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பாள், வாயில் நாலு குண்டூசி, ரேடியோ. அந்த ரேடியோ இன்னும் கொஞ்ச நேரம் பாடட்டும், பாவம்.

வாசலில் ஆண் குரல் கேட்டது. எதிர்வீட்டு வைத்திலிங்கம் சார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் வீட்டிலும் இரண்டு தடவை மோட்டார் பார்த்திருக்கிறான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "என்னப்பா இப்படிக் கெடக்குற. தமயந்தி, நீ காலப் பிடி, நான் தோளப் பிடிக்கிறேன். முதல்ல ஆளத் தூக்கி உக்கார வைப்போம். தரை சில்லுன்னு இருக்கு, விறைச்சுப் போயிடும்." "வேணாம் சார்" என்றான். "அட, ஒண்ணும் ஆகாது. விழுந்தவன அப்படியே போட்டுவச்சிருந்தா பாக்கிறவன் என்ன சொல்லுவான்?" "சார், தூக்காதீங்க." "நான் எத்தன ஆளத் தூக்கியிருக்கேன் தெரியுமா, ஷண்டிங்குல அடிபட்டவனெல்லாம்..." கை அவன் தோளுக்குக் கீழே வந்துவிட்டது, பெரிய, உலர்ந்த, நல்லெண்ணம் நிறைந்த கை. செங்கல் முதுகுக்குள் புரண்டது. குணசீலனைத் தூக்கிய கைகளும் இப்படித்தான் இருந்திருக்கும். இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். பெரியவர் மேல் கை வைத்துவிட்டோம் என்று ஒரு பக்கம் கூசியது, ஆனாலும் விடவில்லை, இறுக்கினான், அவர் கடிகாரம் உள்ளங்கையில் அழுந்தியது. "சார், எனக்கு எடது காலு தெரியல" என்றான். "நீங்க இப்ப என்னத் தூக்குனா அது எப்பவும் தெரியாது." சொன்ன பிறகுதான் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. வைத்திலிங்கம் சாரின் கை மெதுவாகத் தளர்ந்து வெளியே போனது. தமயந்தியம்மா சுவரில் சாய்ந்து கைத்துணியை வாயில் வைத்துக்கொண்டார். அந்தப் பதற்றத்தில் அவனுடைய வலது கை திறந்துகொண்டது, இவ்வளவு நேரம் மூடியிருந்தது அதுதான், அதிலிருந்து ஏதோ உருண்டு தரையில் டிங்கென்று விழுந்து வட்டமடித்து நின்றது. நட்டு. அப்படியென்றால் முடுக்கவில்லை.

சொன்னான். வேறு வழியில்லை, சொன்னான், "சார், மேல ஃபேனுக்கு நட்டு போடல. போல்ட் சும்மா நிக்குது." மூன்று பேரும் மேலே பார்த்தார்கள், இரண்டு பேர் நின்றுகொண்டும் ஒருவன் படுத்துக்கொண்டும். "அப்ப கண்டிப்பா நகத்தித்தான் ஆகணும்" என்று வைத்திலிங்கம் சார் மறுபடி குனிந்தார், குனிந்தவர் பாதியிலேயே நின்றார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார், பாவம், அந்தக் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று சவரிமுத்துவுக்குத் தோன்றியது. அப்போதுதான் கண்ணின் ஓரத்தில் சாப்பாட்டு மேஜை தெரிந்தது. "என்ன நகத்த வேணாம் சார். அந்த டேபிள நகத்தி என் மேல போடுங்க. நாலு காலும் எனக்கு ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி." ஒரு கணம் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு வைத்திலிங்கம் சார், "அதுவும் சரிதான்" என்று வேட்டியை இன்னொரு தடவை இறுக்கினார். ஜாடி, மாத்திரை டப்பா, பிளாஸ்டிக் விரிப்பு எல்லாவற்றையும் தமயந்தியம்மா அள்ளிச் சோபாவில் போட்டார். தேக்கு மேஜை, இருவரும் முனகிக்கொண்டே தூக்கினார்கள், அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும், மேஜையின் கால் ஒன்று அவன் காதுக்கு மேலே காற்றில் நடுங்கியது, இதைப் போட்டுவிடாமல் இருக்க வேண்டுமே என்று கண்ணை மூடினான், மெல்ல இறங்கியது, ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். கண்ணைத் திறந்தபோது ஃபேனும் கூரையும் மறைந்திருந்தன. மேஜையின் அடிப்பலகை. அங்கே பாலிஷ் இல்லை, ஆசாரி பென்சிலால் போட்ட கோடுகள், ஒரு ஒட்டடை, அதில் காய்ந்த பூச்சி. யாரும் பார்க்கக் கூடாத பக்கம். வீடுகளின் இந்தப் பக்கம்தான் அவனுக்குப் பழக்கம், பரணுக்கு மேலே, பீரோவுக்குப் பின்னால், சுவிட்ச் பலகைக்கு உள்ளே, மீட்டர் பெட்டிக்குக் கீழே, இங்கேதான் வாழ்நாள் முழுக்கக் கிடந்திருக்கிறான். ஆனால் இப்படி அசையாமல் கிடந்ததில்லை. மேஜைக்கடியில் மூச்சு முட்டியது. சவப்பெட்டிக்குள் இப்படித்தான் இருக்குமோ. சே. இடது கால் கட்டைவிரலே.

"வீட்ல யாருக்காவது சொல்லணுமா சவரிமுத்து?" தமயந்தியம்மா மேஜைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார், அவன் கண்ணுக்குத் தெரிந்தது அவருடைய முழங்காலும் மஞ்சள் நைட்டியும் மட்டும். நைட்டியின் முன்பக்கத்தில் ஒரு ஈரக்கறை. அது என்ன கறை. எண்ணைச் சொன்னான், அவர் போட்டு, போனை மேஜைக்கடியில் நீட்டினார். முதலில் மெஷின் சத்தம்தான் கேட்டது. "ரெஜினா, நான்தான். ஒரு வீட்ல ஏணியில இருந்து விழுந்துட்டேன்." மெஷின் நின்றது. எங்கே, எப்படி, யார் வீடு என்று அவள் எதுவும் கேட்கவில்லை. "கால அசைங்க பாப்போம்" என்றாள். குணசீலன் வீட்டுக்கு எத்தனையோ தடவை ரசம் சோறு கொண்டுபோனவள். அவன் இடது கால் கட்டைவிரலை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். போனில் அவள் மூச்சு கேட்டது, தூரத்தில் ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். "ரெண்டுமா?" "எடது." "தூக்குனாங்களா?" "இல்ல. விடல." "விடாதீங்க" என்றாள், குரல் உடைந்தது, உடனே ஒட்டிக்கொண்டது, "யாரு வந்து என்ன சொன்னாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லித் தொலச்சிடாதீங்க. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன். என்னங்க, கேக்குதா?" கேக்குது என்றான். போன் போன பிறகும் அந்த என்னங்க காதுக்குள் கிடந்தது. மகள் ஷீபா பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அவளுக்குச் சொல்ல மாட்டாள், சாயங்காலம் சொல்வாள். ஷீபா சின்னதில் அவன் இடது பாதத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, நடங்கப்பா நடங்கப்பா என்பாள், அவன் ரோபோ மாதிரி நடப்பான். அந்தக் கனம் இப்போதும் நினைவிருந்தது, அந்த இடம்தான் இல்லை.

ஆம்புலன்ஸில் வந்தது ஒரு சின்னப் பெண்ணும் டிரைவரும். அந்தப் பெண் மேஜையைப் பார்த்து, மேலே ஃபேனைப் பார்த்து, எதுவும் கேட்காமல் தானும் மேஜைக்கடியில் நுழைந்து படுத்தாள், அவன் பக்கத்தில், தோளோடு தோளாக. "அண்ணே, நான் சொல்ற வரைக்கும் தலைய ஆட்டாதீங்க. ஆமா இல்லன்னு வாயால சொல்லுங்க." கழுத்துக்குப் பட்டை போட்டாள். பிறகு கால் பக்கம் நகர்ந்து போனாள், பேனா மூடியால் குத்தியிருப்பாள் போல. "இது தெரியுதா?" "தெரியுது." "எந்தக் கால்?" "வலது." "இது?" அவன் காத்திருந்தான். இனிமேல்தான் தொடப்போகிறாள் என்று காத்திருந்தான். "தொட்டுட்டீங்களா?" என்று கேட்டான். அவள் டிரைவரைப் பார்த்துப் பலகையை எடுக்கச் சொன்னாள். அந்த ஒரு வினாடியில் அவனுக்கு ஜன்னல் தெரிந்தது, குணசீலனின் ஜன்னல் இல்லை, அவன் வீட்டு ஜன்னல், அதற்குப் பக்கத்தில் கட்டில் போட இடம் இருக்குமா, தையல் மெஷினை எங்கே நகர்த்துவது, வெளியே தெருவில் கூட்டாளிகள் வண்டியை அடுத்த சந்துக்குத் திருப்புவது. மேஜையை அப்படியே தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரே உருட்டாக உருட்டிப் பலகையில் ஏற்றி, நெற்றிக்கும் நெஞ்சுக்கும் பட்டை கட்டினார்கள். வெளியே போகிற போக்கில், "சார், அந்த ஃபேனுக்கு அடியில யாரும் போகாதீங்க, மெயின போடாதீங்க" என்றான். வைத்திலிங்கம் சார், "நான் இங்கயே நிக்கிறேன்பா, நீ போயிட்டு வா" என்றார். மாடிப்படி திரும்பும் இடத்தில் பலகையைச் செங்குத்தாகச் சாய்த்தார்கள், ஒரு கணம் நின்றுகொண்டிருப்பது போல இருந்தது, காலில்லாமல் நிற்பது போல.

தமயந்தியம்மாவும் வண்டியில் ஏறினார். யாரும் ஏறச் சொல்லவில்லை. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி மூலையில் உட்கார்ந்தார். சைரன் சத்தம் உள்ளே இருந்து கேட்கும்போது வேறு யாருக்கோ அடிப்பது போல இருந்தது. அந்தப் பெண் போனில் யாருக்கோ விவரம் சொல்லிக்கொண்டே, "எப்படி விழுந்தார்?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். "கால் வழுக்கி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை, அடுத்தவர் சங்கடப்படும்போது நடுவில் புகுந்து சரிசெய்துவிடும் பழைய பழக்கம், "அம்மா பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, விடட்டுமான்னு கேட்டாங்க, நான்தான் ம்னு சொன்னேன்" என்றான். சொல்லும்போது அது உண்மை போலவே இருந்தது. அப்படித்தான் நடந்திருக்கும். என் வாய்தான், ரெஜினா சொல்கிற அதே வாய். "இல்ல" என்றார் தமயந்தியம்மா. வண்டியின் கூரையில் இருந்த பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க ஒண்ணும் விடச் சொல்லல. இந்த ஃபேன் சத்தம் போடாதுல்லன்னு கேட்டேன், அதுக்குத்தான் ம்னீங்க. அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கல. அடுப்புல பால் வச்சிருந்தேன். பொங்குற சத்தம் கேட்டுச்சு. விட்டுட்டு ஓடிட்டேன்." பால். அவன் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். நைட்டியில் கறை. பால். அவனுக்கு அவரிடம் சொல்வதற்கு வழக்கமான சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன, பரவாயில்லம்மா, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க, என் நேரம்மா. ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதையும் சொல்லவில்லை. அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தது, ஒரு சொல்லுக்காக அவர் விரல்கள் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தன, தெரிந்தும் சொல்லவில்லை, உள்ளே ஏதோ ஒன்று சூடாக, கோபம்தான், நெஞ்சுப் பட்டைக்குக் கீழே எழுந்து கண் வரைக்கும் வந்தது, வரட்டும் என்று விட்டான். அப்போது வண்டி ஒரு வேகத்தடையில் ஏறித் தூக்கிப் போட்டது. முதுகில் இருந்த செங்கல் இரண்டாக உடைந்து, ஒரு பாதி இடுப்புக்குள் இறங்கி, தொடையின் பின்பக்கமாக, முழங்கால் மடிப்பு வழியாக, ஆடுசதையைக் கிழித்துக்கொண்டு, நெருப்பு வைத்த திரி போலக் குதிகால் வரைக்கும் ஓடியது. அவன் கத்தினான். எந்த வீட்டுக்குள்ளும் அப்படிக் கத்தியதில்லை. அந்தப் பெண் எழுந்து அவன் முகத்துக்கு மேல் குனிந்து, "எங்கண்ணே, எங்க வலிக்குது?" என்று கேட்டாள். "காலு" என்றான், "எடது காலு, குதிகாலு" என்றான், கண்ணிலிருந்து நீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. "வலிக்குதா, நல்லா வலிக்குதா?" "உயிர் போகுது தாயி." அவள் டிரைவர் பக்கம் திரும்பி வேகத்தைக் குறைக்கச் சொன்னாள், பிறகு அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "கத்துங்கண்ணே" என்றாள், "வலிக்கிற வரைக்கும் கத்துங்க."